மின்கார் வாங்கியாயிற்று, வீட்டிற்கு எந்தச் சார்ஜர்?



வழக்கமாக இந்த நேரத்தில் நான் வருமான வரி, சுப்பரானுவேசன், வீட்டுக் கடன் என்று பணக்கணக்குகளைப் பற்றித்தான் கதைப்பேன். இந்த மாதம் ஒரு காரின் கணக்கைப் பார்ப்போம். அண்மைக் காலமாக எம்மவர் மத்தியில் மின்கார் வாங்குவோர் தொகை கூடிக்கொண்டு வருகிறது. தூங்காபியிலும் வென்ற்வேர்த்வில்லிலும், இங்கே மெல்பேர்ணில் டண்டினோங், கிளேற்றன், ரார்னீற், கிரான்பேர்ண் பக்கங்களிலும் ஒரு தெருவுக்கு ஒரு பி.வை.டி., ஒரு ரெஸ்லா, ஒரு எம்.ஜி. என்று காண்கிறோம். காரைத் தெரிவு செய்வதற்கு ஆறு மாதம் யோசிக்கிற நாங்கள், அதற்கு வீட்டில் எப்படி மின்சாரம் ஏற்றுவது என்பதை மட்டும் கார் வாங்கிய அன்று பின்னேரம்தான் யோசிக்கிறோம். அந்த அவசரத்தில் இரண்டாயிரம், மூன்றாயிரம், சிலவேளை அதற்கும் மேலே டொலர்கள் போய்விடுகின்றன.

நான் ஒரு கணக்காளன், எலக்ரீசியன் அல்ல. வயர் வேலையை அனுமதிப்பத்திரம் உள்ள எலக்ரீசியன்தான் தீர்மானிக்க வேண்டும். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னர் நீங்கள் வீட்டில் இருந்து பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் இரண்டு சொற்களை விளங்கிக்கொள்வோம். ஒன்று கிலோவாற். மற்றது கிலோவாற் மணி, அதாவது எங்கள் மின்சார பில்லில் வருகிற யூனிற். ஊரிலே கிணற்றடியில் தொட்டி கட்டி, பம்ப் பூட்டித் தண்ணீர் இறைத்ததை நினைத்துப் பாருங்கள். தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது யூனிற். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது கிலோவாற். காரின் பற்றரி ஒரு தொட்டி. பி.வை.டி. அற்ரோ 3 இன் பெரிய பற்றரி ஏறக்குறைய 60 யூனிற் கொள்ளும். சார்ஜர் என்பது குழாய். குழாய் பெரிதாக இருந்தால் தொட்டி கெதியாக நிரம்பும். ஆனால் இரவு முழுவதும் நேரம் இருக்கிற வீட்டுக்குப் பெரிய குழாய் தேவையா என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை சொல்ல, நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். அவுஸ்திரேலியப் புள்ளிவிபரத் திணைக்களம் 2020 யூன் மாதம் முடிந்த வருடத்துக்கு எடுத்த கணக்கின்படி, இந்த நாட்டில் ஒரு பயணிகள் கார் சராசரியாக வருடத்துக்கு 11,100 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. 365 ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு 30 கிலோமீற்றர். சாதாரண மின்கார் ஒன்று, சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, 100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 18 யூனிற் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீற்றருக்கு ஐந்தரை யூனிற்றும் வராது.

இனி, வீட்டில் சார்ஜ் ஏற்றுவதற்கு உள்ள வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, கேத்தில் கொழுவுகிற சாதாரண 10 அம்பியர் சுவர்ப் பிளக். சில கார்களோடு அதற்கான கேபிளும் வரும். சிலவற்றுக்கு வேறாக வாங்க வேண்டும். இது 2 கிலோவாற் அளவில் மின்சாரம் கொடுக்கும். இரவு 8 மணித்தியாலம் விட்டால் 16 யூனிற், அதாவது 85 தொடக்கம் 90 கிலோமீற்றர் ஓட்டம்.

இரண்டாவது, 15 அம்பியர் பிளக். கராஜிலே எலக்ரீசியன் தனி வயர் இழுத்துப் போட்டுத் தருவார். இதற்குப் பொருத்தமான கேபிளும் வேண்டும். இது 3.4 கிலோவாற் வரை கொடுக்கும். அதே 8 மணித்தியாலத்தில் 150 கிலோமீற்றர்.

மூன்றாவது, சுவரில் பூட்டுகிற 32 அம்பியர் சார்ஜர். 7 கிலோவாற் சார்ஜர் என்று சொல்வது இதைத்தான். 8 மணித்தியாலத்தில் 300 கிலோமீற்றருக்கு மேல்.

நான்காவது, மூன்று பேஸ் மின்சாரம் உள்ள வீடுகளுக்கானது. 11 கிலோவாற், 22 கிலோவாற் என்று இதில் இரண்டு அளவு உண்டு.

இந்த நான்காவதில்தான் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சுவரில் இருக்கிற பெட்டியைச் சார்ஜர் என்று சொன்னாலும், உண்மையான சார்ஜர் காருக்குள்ளே இருக்கிறது. வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம், பற்றரிக்கு வேண்டியது டி.சி. மின்சாரம். அதை மாற்றுகிற கருவி காரோடு பொருத்தப்பட்டு வருகிறது. அந்தக் கருவி எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும். இங்கே விற்ற பி.வை.டி. அற்ரோ 3 வாங்குவது 7 கிலோவாற். ரெஸ்லா மொடல் 3, மொடல் வை இரண்டும் மூன்று பேஸில் 11 கிலோவாற் வாங்கும், ஒற்றைப் பேஸில் 7 தான். ஆகவே 7 வாங்குகிற காருக்கு 22 கிலோவாற் சார்ஜர் பூட்டினாலும் ஏறுவது 7 தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். கணவன், மனைவி இருவரும் வேலை. வேலைத்தலம் போய்வர நாளுக்கு 40 கிலோமீற்றர். வீட்டில் இருப்பது ஒற்றைப் பேஸ். ஒரு நிறுவனம் வந்து பார்த்து, வீட்டை மூன்று பேஸாக மாற்றி, 22 கிலோவாற் சார்ஜர் பூட்ட ஏழாயிரம் டொலருக்கு மேல் விலை எழுதிக் கொடுத்திருந்தது. "எதிர்காலத்துக்கு நல்லது" என்பதுதான் சொன்ன காரணம். அந்த அக்கா அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, இதை லோனோடு சேர்க்கலாமா?" என்று கேட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, உங்கள் கார் எத்தனை கிலோவாற் வாங்கும்?" என்பதுதான். கார்க் கைநூலை எடுத்துப் பார்த்தோம். ஏழு என்று இருந்தது. கடைசியில் அவர்கள் கராஜிலே ஒரு 15 அம்பியர் பிளக் போட்டார்கள். எலக்ரீசியன் வந்து அரை நாளில் முடித்துவிட்டார். இன்று வரைக்கும் காலையில் சார்ஜ் இல்லாமல் நின்றதில்லை என்று சொல்கிறார்கள்.

சரி, மின்சாரச் செலவுக்கு வருவோம். வருடம் 11,100 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 2,000 யூனிற். ஒரு யூனிற் 33 சதம் என்று வைத்தால் 660 டொலர். அதே தூரத்தை 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கிற பெற்றோல் காரில் ஓடினால் 888 லீற்றர். லீற்றர் 1 டொலர் 90 சதம் என்று வைத்தால் ஏறக்குறைய 1,690 டொலர். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது.

இப்போது பல மின்சார நிறுவனங்கள் மின்கார் வைத்திருப்பவர்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கின்றன. நள்ளிரவு தொடக்கம் காலை 6 மணி வரை என்று ஒரு மலிவு நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் யூனிற் 10 சதம் என்று வைத்தால், அதே 2,000 யூனிற்றுக்கு 200 டொலர்தான். 460 டொலர் மிச்சம். "ஆகவே சார்ஜர் போட்டால் வருடம் 460 டொலர் மிச்சம்" என்று விற்பனையாளர் சொல்வார். நேயர்களே, இங்கேதான் கவனம் வேண்டும். அந்த 460 டொலரை மிச்சம் பிடித்துத் தருவது மின்சாரத் திட்டம், சுவரில் பூட்டிய பெட்டி அல்ல. நாளுக்கு 30 கிலோமீற்றர் ஓடுகிற ஒருவருக்கு, சாதாரணப் பிளக்கில் அந்த 6 மணித்தியாலத்தில் 12 யூனிற், அதாவது 66 கிலோமீற்றருக்கான மின்சாரம் ஏறிவிடும். அவர் இரண்டாயிரம் டொலர் சார்ஜர் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த 460 டொலர் அவருக்குக் கிடைக்கத்தான் போகிறது. ஒரு நாள் கூடுதலாக ஓடினாலும், அடுத்தடுத்த இரவுகளில் அது நிரம்பிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மலிவு நேரம் கொடுக்கிற திட்டம் மாலை நேரத்திலே யூனிற் விலையைக் கூட்டி வைத்திருக்கும். மாலை 5 மணிக்கு வீடு வந்து, அடுப்பு, ஏசி, உடுப்புத் தோய்க்கும் மெசின் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிற குடும்பமாக இருந்தால், காரில் மிச்சம் பிடித்ததைச் சமையலறையில் விட்டுவிடுவீர்கள். உங்கள் பழைய பில் நான்கை எடுத்துவைத்து முழு வீட்டுக்கும் கணக்குப் பாருங்கள். இந்தத் திட்டங்களுக்கு ஸ்மார்ட் மீற்றரும் வேண்டும். விக்ரோறியாவில் 2009 இல் தொடங்கி ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் அதைப் பூட்டிவிட்டார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2030 க்குள் எல்லோருக்கும் பூட்டுவது என்பது திட்டம். சிட்னி நேயர்கள் உங்கள் மீற்றர் எது என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் 7 கிலோவாற் சார்ஜர் யாருக்கு வேண்டும்? நான்கு வகையானவர்களுக்கு அது பிரயோசனம்.

ஒன்று, ஊபர், டாக்சி, டெலிவரி ஓடுகிறவர்கள். எம்மவரில் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். வருடத்துக்கு 300 நாள், நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடினால், ஒரு நாளைக்கு 36 யூனிற் வேண்டும். சாதாரணப் பிளக்கில் 18 மணித்தியாலம் எடுக்கும், நடக்கிற காரியமில்லை. மிச்சத்தைப் பொது இடத்திலுள்ள வேகச் சார்ஜரில் ஏற்ற வேண்டி வரும். அங்கே யூனிற் 60 சதத்துக்கு மேல் போவது சாதாரணம். 7 கிலோவாற் சார்ஜரில் 5 மணித்தியாலத்துக்குச் சற்று மேலே, மலிவு நேரத்துக்குள் முடிந்துவிடும். வருடம் 10,800 யூனிற். யூனிற்றுக்கு 23 சதம் வித்தியாசம் என்றாலே 2,480 டொலர் வருகிறது. இவருக்குச் சார்ஜர் ஒரு வருடத்துக்குள் தன் விலையைத் தானே உழைத்துக் கொடுத்துவிடும்.

இரண்டு, ஒரே வீட்டில் இரண்டு மின்கார் வைத்திருப்பவர்கள். அம்மா அப்பாவோடு, பிள்ளைகளும் வேலைக்குப் போகிற வீடுகளில் இது வரத்தான் போகிறது.

மூன்று, பகலில் குறுகிய நேரம் இலவசமாக அல்லது மலிவாக மின்சாரம் பெறக்கூடியவர்கள். 2025 நவம்பரில் மத்திய அரசாங்கம் 'சோலர் ஷேரர்' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து, தென் அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில், ஸ்மார்ட் மீற்றர் உள்ள வீடுகளுக்கு, 2026 யூலையில் இருந்து பகலில் குறைந்தது 3 மணித்தியாலம் இலவச மின்சாரம் என்பதே அந்த அறிவித்தல். சோலர் தகடு கூரையில் இல்லாதவர்களும், வாடகைக்கு இருப்பவர்களும் இதில் சேரலாம். 3 மணித்தியாலத்தில் சாதாரணப் பிளக் 6 யூனிற்தான் ஏற்றும், 33 கிலோமீற்றர். 7 கிலோவாற் சார்ஜர் 21 யூனிற் ஏற்றும், 115 கிலோமீற்றருக்கு மேல். கார் பகலில் வீட்டில் நின்றால் மாத்திரம் இந்தக் கணக்குச் சரிவரும். இரவு வேலை செய்கிறவர்களுக்கும், ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கும் இது நல்ல வாய்ப்பு.

நான்கு, கூரையில் சோலர் உள்ளவர்கள். ஒரு காலத்தில் சோலர் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் யூனிற்றுக்கு 60 சதம் தந்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் அந்தத் திட்டம் 2016 டிசெம்பரில் முடிந்தது. விக்ரோறியாவில் 2024 நவம்பரில் முடிந்தது. 2025-26 க்கு விக்ரோறிய ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கணித்த குறைந்தபட்ச விலை 0.04 சதம். ஒரு சதத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு! அந்த மின்சாரத்தைக் கம்பியில் திருப்பி அனுப்புவதைவிடக் காரிலே ஏற்றுவது எவ்வளவோ மேல். இதற்கென்று சூரிய மின்சாரம் மிஞ்சுவதைப் பார்த்து, அந்த அளவுக்குக் கூட்டிக் குறைத்து ஏற்றுகிற சார்ஜர்கள் உண்டு. சாப்பி, புரோனியஸ் வற்பைலற் போன்றவை இந்த வகை.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சர்வதேசத் தரநிலைப்படி இந்தச் சார்ஜர்கள் 6 அம்பியருக்குக் குறைவாக ஏற்ற முடியாது. ஒற்றைப் பேஸில் 6 அம்பியர் என்றால் 1.4 கிலோவாற். மூன்று பேஸில் அதுவே 4.1 கிலோவாற். கூரையில் சின்னச் சோலர் வைத்துக்கொண்டு மூன்று பேஸில் ஏற்றினால், மேகம் மூடிய நாளில் மிஞ்சுகிற மின்சாரம் 4.1 க்குக் கீழே போய்விடும். சார்ஜ் நின்றுவிடும், அல்லது மிச்சத்தை விலை கொடுத்து வாங்கும். மூன்று பேஸ் வீடு என்றால், தேவைக்கு ஒற்றைப் பேஸுக்கு மாறக்கூடிய சார்ஜரா என்று கேளுங்கள்.

இனிப் பாதுகாப்பு. பணத்தை விட இதுதான் முக்கியம், நேயர்களே.

சாதாரணப் பிளக்கில் ஏற்றலாம் என்று சொன்னேன். ஆனால் எல்லாப் பிளக்கிலும் அல்ல. கேத்தில் மூன்று நிமிடம் மின்சாரம் எடுக்கும். கார் எட்டு மணித்தியாலம் விடாமல் எடுக்கும். நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முந்திய வீடுகளில் பிளக் பொயின்ற் தேய்ந்திருக்கும், பின்னால் வயர் இளகியிருக்கும், ஸ்விட்ச் போர்ட்டில் பீங்கான் பியூஸ் இருக்கும். இப்படியான வீட்டில் முதலில் எலக்ரீசியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆளைக் காப்பாற்றுகிற ஆர்.சி.டி. சுவிட்ச் இருக்கிறதா, காருக்கென்று தனி வயர் இருக்கிறதா என்று கேளுங்கள். சார்ஜ் ஏறும்போது பிளக் இளஞ்சூடாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு, மண்ணிறமாகக் கருகிய அடையாளம், பிளாஸ்ரிக் மணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

நீட்டு வயர் போட்டு, பவர் போர்ட்டில் கொழுவிச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். இன்னொன்று, 15 அம்பியர் பிளக்கின் கீழ்க்கால் சாதாரணப் பிளக்கை விட அகலம். அதை அரத்தால் ராவி, 10 அம்பியர் ஓட்டைக்குள் செருகுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காலை அகலமாக வைத்ததே 10 அம்பியர் வயரில் 15 அம்பியர் ஓடக்கூடாது என்பதற்காகத்தான். அந்த வயர் சுவருக்குள்ளே சூடாகும். பிள்ளைகள் மேலே படுத்திருப்பார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்த நாட்டிலே எங்கள் வீட்டு வயரை நாங்களே தொடுவது சட்டத்துக்கு விரோதம். ஊரிலே வேலை தெரிந்த தம்பி இருந்தாலும், இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் செய்ய முடியாது. வேலை முடிந்ததும் விக்ரோறியாவில் மின் பாதுகாப்புச் சான்றிதழ் தர வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் மின்வேலை இணக்கச் சான்றிதழ். அந்தத் தாளை வீட்டு உறுதியோடு சேர்த்து வைத்திருங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போதும், காப்புறுதிக்காரர் கேட்கும்போதும் அது வேண்டும். வாங்குகிற சார்ஜரிலே இந்த நாட்டுத் தரத்துக்கான ஆர்.சி.எம். அடையாளம் இருக்க வேண்டும். இணையத்தில் வெளிநாட்டில் இருந்து மலிவாக வரவழைத்ததில் அது இல்லாவிட்டால், நல்ல எலக்ரீசியன் அதைப் பூட்டித் தரமாட்டார்.

அடுத்தது வீட்டின் கொள்ளளவு. ஒரு வீட்டுக்குத் தெருவில் இருந்து வருகிற மின்சாரத்துக்கு ஒரு எல்லை உண்டு. மின் அடுப்பு, சுடுதண்ணீர், ஏசி, அதற்கு மேலே 32 அம்பியர் கார். எல்லாம் ஒன்றாக ஓடினால் மெயின் விழும். அதற்கு மூன்று பேஸ்தான் மருந்து என்று இல்லை. வீட்டின் மொத்த மின்சாரத்தை அளந்து, சமையல் நேரத்தில் காருக்குக் கொடுப்பதைத் தானே குறைக்கிற சார்ஜர்கள் உண்டு. அந்த வசதி பல ஆயிரம் டொலர் வேலையை மிச்சப்படுத்தக்கூடும். பெரிய மாற்றம் என்றால் மின்கம்பி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டியிருக்கும். பில் அனுப்புகிறவர் வேறு, தெருக்கம்பிக்குச் சொந்தக்காரர் வேறு. சிட்னியின் மேற்கிலே எண்டெவர் எனர்ஜி. விக்ரோறியாவில் அப்படி ஐந்து நிறுவனங்கள். யார் என்று உங்கள் பில்லின் பின்பக்கத்தில் இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், விசா முடிவு தெரியாமல் பிறிட்ஜிங் விசாவில் இருப்பவர்கள், அடுத்த வருடம் எந்த வீட்டில் இருப்போம் என்று தெரியாதவர்கள் சுவரிலே பணத்தைப் பூட்ட வேண்டாம். நல்ல தரமான, கையோடு கொண்டு போகக்கூடிய கேபிள் ஒன்றை வாங்குங்கள். பிளக் சரியில்லை என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். அடுக்குமாடியில் சொந்தமாக இருப்பவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் ஒரு வசதி உண்டு. 2021 பெப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி, மின்கார் சார்ஜர் போன்ற வேலைகளுக்கான தீர்மானம், எதிராக விழும் வாக்கு 50 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலே நிறைவேறும். முன்னர் பொதுச் சொத்தில் கை வைக்க 75 சதவீத ஆதரவு வேண்டியிருந்தது. ஆகவே ஸ்ராற்றாக் கூட்டத்துக்குப் போங்கள். வாக்குப் போடுங்கள்.

சார்ஜர் வாங்கும்போது கைத்தொலைபேசி அப் அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்த நிறுவனம் நாளை இருக்குமா என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 'ஜூஸ்பொக்ஸ்' என்ற வீட்டுச் சார்ஜரை விற்ற எனல் எக்ஸ் வே நிறுவனம், 2024 ஒக்ரோபரில் அங்கே கடையை மூடியது. சார்ஜர் மின்சாரம் ஏற்றும், ஆனால் நேரம் வைக்கிற, கணக்குக் காட்டுகிற வசதிகளுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்ற நிலை வந்தது. ஆகவே இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யுமா, வேறு நிறுவனத்தின் மென்பொருளோடும் இயங்கக்கூடிய ஓ.சி.பி.பி. என்ற பொது மொழி அதில் உண்டா என்று கேளுங்கள். நேரம் வைக்கிற வசதி பெரும்பாலும் காரிலேயே உண்டு. அதற்காக மட்டும் விலை கூடிய சார்ஜர் வேண்டியதில்லை. புதுக் கார்கள் ஏறக்குறைய எல்லாம் வகை 2 என்ற பிளக்கோடுதான் வருகின்றன. ஜப்பானில் இருந்து இறக்கிய பழைய நிசான் லீப் வகை 1. 2015 அளவில் இலங்கையிலும் நிறைய ஓடிய கார்தான் அது. வாங்கினால் கேபிளைக் கவனியுங்கள்.

"காரில் இருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாமாமே?" என்றும் கேட்கிறார்கள். 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். எங்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? அற்ரோ 3, எம்.ஜி.4, ஹியூண்டாய் அயோனிக் 5 போன்ற கார்களில் இருந்து ஒரு வயர் இழுத்துக் கேத்தில், பிரிட்ஜ் போன்ற சாதனங்களை இயக்கலாம். புயலில் மின்சாரம் நின்றால் கைகொடுக்கும். முழு வீட்டுக்கும் கொடுப்பது வேறு விடயம். அதற்கான தரநிலை 2024 நவம்பரில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதற்கு விசேட சார்ஜர் வேண்டும், விலையும் கூட, காரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இப்போதைக்கு அதை நம்பிப் பணம் போட வேண்டாம்.

கடைசியாக என் சொந்தப் பாடம், வரி. வேலைத்தலம் மூலம் நோவேற்றட் லீசில் மின்கார் எடுப்பவர்களுக்கு 2022 யூலையில் இருந்து எவ்.பி.ரி. விலக்கு வந்தது. பிளக்-இன் ஹைபிரிட் கார்களுக்கு அது 2025 ஏப்ரல் 1 உடன் நின்றது. விதிகள் மாறுவதால், கையெழுத்து வைக்கிற நாளில் என்ன விதி என்று கேளுங்கள். பலருக்குத் தெரியாத இரண்டு விடயம் சொல்கிறேன். ஒன்று, வீட்டுச் சார்ஜர் காரின் செலவு அல்ல என்பது வரித் திணைக்களத்தின் நிலைப்பாடு. காருக்கு விலக்கு இருந்தாலும் சார்ஜருக்கு இல்லை. லீசுக்குள் சார்ஜரையும் போட்டுத் தருகிறோம் என்றால் அதன் வரி யார் தலையில் என்று கேளுங்கள். இரண்டு, காருக்கு எவ்.பி.ரி. விலக்கு இருந்தாலும் அந்தத் தொகை உங்கள் வருமான அறிக்கையில் காட்டப்படும். குடும்பக் கொடுப்பனவு, பிள்ளைப் பராமரிப்புச் சலுகை, உங்கள் சொந்தப் பல்கலைக்கழகக் கடன் கழிவு எல்லாவற்றுக்கும் அது வருமானமாகக் கணக்கில் எடுக்கப்படும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதைப் பார்க்காமல் லீஸ் எடுக்க வேண்டாம்.

வேலைக்காகக் கார் ஓடி, லொக்புக் வைத்திருப்பவர்கள் வீட்டு மின்சாரத்தை எப்படிக் காட்டுவது? வரித் திணைக்களம் 2024 இல் கொடுத்த வழிகாட்டியில் கிலோமீற்றருக்கு 4.20 சதம் என்று ஒரு வீதம் வைத்தது. ஓடோமீற்றர் கணக்கும் மின்சார பில்லும் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்து வீதத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைத்தலம் போய்வருவது இதில் சேராது.

நேயர்களே, எலக்ரீசியனைக் கூப்பிடும் முன் ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதுங்கள். நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள்? கார் எந்த நேரத்தில் வீட்டில் நிற்கும்? கார் எத்தனை கிலோவாற் வாங்கும்? வீடு ஒற்றைப் பேஸா, மூன்று பேஸா? மின்சாரத் திட்டத்தில் மலிவு நேரம் எது? இந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு பேரிடமாவது எழுத்தில் விலை கேளுங்கள். முடியுமென்றால் முதல் ஒரு மாதம் இருக்கிற நல்ல பிளக்கிலேயே ஏற்றிப் பாருங்கள். காலையில் கார் போதுமான சார்ஜோடு நின்றால், அந்த இரண்டாயிரம் டொலரை வீட்டுக் கடனில் போடுங்கள். போதவில்லை என்றால், எவ்வளவு போதவில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம், வீட்டுப் பற்றரிக்கு அரசாங்கம் தருகிற கழிவு பற்றிய உங்கள் கேள்விகளோடு சந்திப்போம். கேள்விகளை வழமைபோல் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். அதுவரை விடைபெறுகிறேன்.